காவலில் நிற்கும் காது

கேள்வி: எனக்கு 63 வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. காலையில் ஒரு அம்மாள் உதவிக்கு வந்து பதினொரு மணிக்குப் போய்விடுகிறார். மற்ற நேரம் முழுவதும் நான்தான். மகன் வெளிநாட்டில் இருக்கிறான்.

சிறு வயது முதல் எங்கள் ஊர்க் கோயிலில் மாலையில் சாயரட்சைப் பூஜைக்கு வாசிக்கும் நாதஸ்வரத்தைக் கேட்பதுதான் எனக்கு நிம்மதி. சங்கீதம் படித்தவனில்லை, ராகம் கண்டுபிடிக்கவும் தெரியாது. இப்போது கோயிலுக்குப் போக முடிவதில்லை என்பதால், தினமும் அரை மணி நேரம் பாட்டுக் கேளுங்கள் என்று மகன் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கி அனுப்பினான். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. சில பழைய பாட்டுகள் வந்தால் அழுகை வருகிறது. அவள் அப்படிக் கிடக்கும்போது நான் பாட்டுக் கேட்பது தவறோ என்றும் உறுத்துகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வாரம் டிவியில் ஒரு பழைய பாட்டு வந்தபோது, எட்டு மாதமாக ஒரு சொல் பேசாதவள் அதில் ஒரு வரியைச் சேர்ந்து பாடினாள். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று யூடியூபில் சொல்கிறார்களே, எந்த ராகத்தைப் போட்டால் அவளுக்குப் பேச்சு வரும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேள்வியாக எழுதாத ஒரு வரியில்தான் என் கண் முதலில் நின்றது. காலை பதினொரு மணிக்குப் பிறகு வீட்டில் நீங்கள் ஒருவரே இருக்கிறீர்கள். உங்கள் துணைவியாரால் குரல் கொடுத்துக் கூப்பிட இயலாது. அப்படியானால் கட்டில் கிரீச்சிடுவதும், அவர் இருமுவதும், தம்ளர் உருள்வதும் உங்கள் காதில் விழுந்தால்தான் அவருக்கு ஏதோ வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியும். எட்டு மாதங்களாக இரவும் பகலும் உங்கள் காது இந்தக் காவலில் நிற்கிறது. பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்களோடு இருபது ஆண்டுகளாகப் பழகிவரும் உளவியல் ஆலோசகன் என்ற முறையில் சொல்கிறேன்: பார்த்துக்கொள்பவர்களுக்குக் கைகால்களுக்கு முன்னால் களைத்துப்போவது காதுதான். வெளிச்சத்தம் எதுவும் நுழையாதபடி அந்தக் காதின் மேல் ஒரு ஹெட்போனை மாட்டுவது, காவல்காரனை அறைக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். உள்ளே எவ்வளவு நல்ல கச்சேரி நடந்தாலும் அவன் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பான். பத்து நிமிடத்தில் உங்கள் மனம் எழுந்து ஓடுவதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகையால் ஹெட்போனை அலமாரியில் வைத்துவிடுங்கள். உதவிக்கு ஆள் இருக்கும் நேரத்தில் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். பிறகு, பூஜை அறையில் இருக்கும் சிறிய கைமணியை எடுத்து உங்கள் துணைவியாரின் இடது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எதற்கு என்பதை அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று நாள்கள் அவர் தேவையில்லாமலும் அடித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் சலிக்காமல் போய் நில்லுங்கள். அடித்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை அவருக்கும், மணி அடிக்காதவரை எழ வேண்டியதில்லை என்ற நம்பிக்கை உங்களுக்கும் ஏற்பட்ட பிறகுதான் பாட்டு. இது அற்பமான யோசனையாகத் தோன்றலாம். என்னிடம் வந்த சில வீடுகளில் மருந்துகளால் ஆகாத அளவுக்கு இந்த ஒரு மணி தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஹெட்போனுக்குப் பதிலாகச் சிறிய புளூடூத் ஒலிபெருக்கி ஒன்று போதும். அதை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாதஸ்வரம் வீதிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் என்று உருவான வாத்தியம். கைப்பேசியின் சிறு துளை வழியாக அது காதுக்கு அருகில் வரும்போது கிறீச்சென்று குத்தத்தான் செய்யும். ஒலிபெருக்கியைத் திண்ணையிலோ முற்றத்துக்கு அப்பாலோ வைத்துவிட்டு, ஒலியைக் குறைத்து, கூடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஊர்க் கோயிலிலிருந்து காற்றில் வருவது போன்ற அந்தத் தூரம் உங்கள் காது ஐம்பது ஆண்டுகளாகப் பழகிய தூரம்.

இனி, மனம் நிற்காததற்கு இரண்டாவது காரணம். கோயிலில் நீங்கள் கேட்டபோது எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சாயரட்சை வேளை வந்தது, வித்வான் வாயில் வைக்கும் சீவாளியை நனைத்துக்கொண்டு தொடங்கினார், நீங்கள் போய் நின்றீர்கள். விடியற்காலையில் பூபாளம், பள்ளியறை வேளையில் நீலாம்பரி என்று நம் கோயில் மரபில் வேளைதான் இசையைத் தீர்மானித்தது. கேட்பவருக்கு அங்கே வேலையே இல்லை. இப்போதோ கைப்பேசியைத் திறந்தவுடன் எந்தப் பாட்டு, யார் வாசித்தது, இது வேண்டாம் அடுத்தது போகலாம் என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு விளம்பரம், மகனிடமிருந்து ஒரு செய்தி, வங்கியிலிருந்து ஓர் அறிவிப்பு என்று அரை மணி நேரமும் முடிவெடுப்பதிலேயே போய்விடுகிறது. நாள் முழுவதும் எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது என்று முடிவெடுத்துக் களைத்தவருக்கு, இது ஓய்வின் பெயரில் வந்து சேர்ந்த இன்னொரு வேலையாகிறது.

எனவே ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் முழுவதும் அது மட்டும்தான். இருபத்தைந்து, முப்பது நிமிடத்துக்கு மேல் நீள வேண்டாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்று உங்கள் தலைமுறை கேட்டு வளர்ந்தவர்களின் பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. வேளையையும் மாற்றாதீர்கள். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிதான், ஏனெனில் உங்கள் உடம்பு சிறு வயதிலிருந்தே அந்த வேளையில் அமைதிக்குப் பழகியிருக்கிறது. கைப்பேசியை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றிவிட்டால் வேறு எதுவும் குறுக்கே வராது. ஒரே பதிவை ஏழு நாள்கள் கேட்டால் அலுத்துவிடாதா என்று நீங்கள் நினைக்கலாம். மூன்றாம் நாள் கொஞ்சம் அலுக்கும். ஐந்தாம் நாள், அடுத்து வரப்போகும் இழைப்பு மனத்துக்கு முன்கூட்டியே தெரிந்து, அது வந்து சேரும்போது தோள்பட்டை தளர்வதைக் கவனிப்பீர்கள்.

ராகம் தெரியாது என்று குறைபட்டுக்கொண்டீர்கள். எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் கச்சேரி தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்கள் இது பூர்விகல்யாணியா பந்துவராளியா என்று கண்டுபிடிப்பதில் போய்விடுகின்றன, கண்டுபிடித்த பிறகு வித்வானை மதிப்பிடுவதில் மீதி போய்விடுகிறது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மனம் ஓடும்போது அதைத் திட்டாமல், நாதஸ்வரத்துக்கு அடியில் ஒரே சுருதியில் ஓயாமல் ஒலிக்கும் ஒத்து என்ற துணைக்குழலின் மேல் காதை வையுங்கள். சில பதிவுகளில் அந்த இடத்தில் சுருதிப் பெட்டி ஒலிக்கும், அதனாலென்ன. வாசிப்பு எங்கெங்கோ ஏறி இறங்கிவிட்டு அந்த ஒரு ஒலியில் வந்து இறங்கும் இடங்களை மட்டும் கவனித்தால் போதும். அதற்குள் மனம் இருபது முறை மருந்துக் கடைக்கும் மகன் வீட்டுக்கும் போய் வந்திருந்தால், இருபது முறை திரும்பியும் வந்திருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாள்களில் படபடப்பு அதிகமாக இருக்கும். அவர் சாப்பிட மறுத்திருப்பார், அல்லது மருத்துவமனைக்குப் போய் வந்த அலைச்சல் இருக்கும். அன்றைக்குத் தாளமில்லாமல் ராகத்தை மெதுவாக விரிக்கும் ஆலாபனையை வைத்தால் அது மனத்தில் ஒட்டாது. கேட்பவரின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, அங்கிருந்து படிப்படியாக வேண்டிய நிலைக்கு நகர்த்த வேண்டும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் 1940-களிலேயே ஒரு முறையாக வகுத்தார். இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் அதைக் கையாள்கிறார்கள். உங்களுக்கு அதைத் தமிழில் சொல்வதானால், முதலில் மல்லாரி, பிறகு ஆலாபனை. சுவாமி புறப்பாட்டின்போது தவில் கொட்டக்கொட்ட நிமிர்ந்து வரும் மல்லாரியோடு மனம் ஐந்து நிமிடம் நடந்துவிட்டால், அடுத்து வரும் விஸ்தாரத்துக்கு உட்காரச் சம்மதிக்கும்.

வாசிப்பு முடிந்ததும் உடனே எழாதீர்கள். நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 பேரை ஆறு வகை இசையைக் கேட்கவைத்து (அவற்றில் ஒன்று நம் நாட்டு ராக இசை), மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தார்கள். இசையின் வேகம் கூடியபோது இவையும் கூடின. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தி மௌனமாக விட்டபோதோ, இசை தொடங்குவதற்கு முன் இருந்த அளவைவிடவும் அவை கீழே இறங்கின. ஆரோக்கியமான இளவயதினர் சிலரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டிவிட முடியாது. ஆனால் கோயிலில் மேளம் நின்று, தீபாராதனை முடிந்து, யாரும் பேசாமல் இருக்கும் அந்தச் சிறு இடைவெளி உங்களுக்குப் பழக்கமானது. நீங்கள் தேடும் நிம்மதியில் பெரும்பகுதி அங்கேதான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆகவே பதிவு முடிந்ததும் இரண்டு நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் சும்மா இருங்கள்.

அழுகையைப் பற்றிக் கேட்டீர்கள். புறநானூற்றின் 281-ஆம் பாட்டில், போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனின் வீட்டை அரிசில்கிழார் காட்டுகிறார். வீட்டுக் கூரையின் இறவாரத்தில் இரவ மரத் தழையும் வேப்பிலையும் செருகியிருக்கிறார்கள், யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கின்றன, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அந்த மனைவி தன் தோழியை அழைக்கும் சொல் "காக்கம் வம்மோ" என்பது. வா, அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள். ஆற்றுவோம், போக்குவோம் என்று அவள் சொல்லவில்லை என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரின் குரல் எட்டு மாதங்களாக அந்த வீட்டில் இல்லை. பழைய பாட்டு அந்தப் புண்ணின் பக்கத்தில் வந்து உட்காரும்போது கண் கலங்குகிறது. பாட்டு முடிந்து சிறிது நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறதென்றால் அந்த அழுகையால் ஒரு கெடுதலும் இல்லை. அந்தப் பாட்டுகளை மாலை அரை மணி நேரத்தில் கலக்காமல், வேறொரு வேளைக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டால் போதும். மாறாக, அழுகை மணிக்கணக்கில் நிற்காமலிருந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, பாட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம்; அருகிலுள்ள மனநல மருத்துவரையும் பாருங்கள்.

அவர் கிடக்கும்போது நான் கேட்பதா என்ற உறுத்தலுக்கு நீளமாகப் பதில் சொல்ல மாட்டேன். ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்தோமா இல்லையா என்பது நினைவில்லாமல் இரண்டாம் முறையும் கொடுத்துவிட்டு ஓடிவந்த கணவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரு நிமிடம்கூடத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாத நல்ல மனிதர்கள். மேலும், திண்ணையில் ஒலிக்கும் நாதஸ்வரம் உங்கள் துணைவியார் படுத்திருக்கும் அறைக்கும் கேட்கத்தானே போகிறது? அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் மணி அடிப்பார்.

இனி ராக விஷயம். நீரிழிவுக்கு இது, ரத்த அழுத்தத்துக்கு இது, பேச்சுக்கு இது என்று பட்டியல் போடும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன், பார்த்துக் கோபப்பட்டும் இருக்கிறேன். குறிப்பிட்ட ஒரு ராகத்தால் பக்கவாதத்தில் போன பேச்சு திரும்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீலாம்பரி கேட்டால் நமக்குக் கண் சொக்குகிறதென்றால், தொட்டிலிலும் பள்ளியறையிலும் கேட்ட பழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தப் பழக்கம் இல்லாதவரிடம் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர் ஒரு வரி பாடினார் என்று எழுதினீர்களே, அது நிஜம், அதற்கு விளக்கமும் உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் பகுதிகள் மூளையின் இடப் பக்கத்தில் இருக்கின்றன; வலது கைகால் விழுந்து பேச்சும் போயிருப்பதால் உங்கள் துணைவியாருக்கு அடிபட்டது அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். பாடுவதிலோ மூளையின் வலப் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. மெட்டோடு சேர்ந்து நெஞ்சில் பதிந்த சொற்கள், தனிச்சொல்லாக வர மறுத்தாலும், மெட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதுண்டு. இதை வைத்தே அமெரிக்காவின் பாஸ்டன் நகர நரம்பியல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளர்களும் 1973-இல் மெட்டோடு சொற்களை இழைத்துச் சொல்லவைக்கும் பயிற்சிமுறை ஒன்றை உருவாக்கினார்கள். எல்லோருக்கும் அது பலிக்காது. சொல்வது நன்றாகப் புரிந்து, பேசத்தான் முடியாமல் இருப்பவர்களுக்கே அதிகம் பொருந்தும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் அந்த வகை. ஆகவே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடுத்தமுறை போகும்போது, பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, டிவி பாட்டோடு அவர் பாடியதை மறக்காமல் சொல்லுங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்.

அதுவரை வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உதவிக்கு வரும் அம்மாள் இருக்கும் காலை நேரத்தில், உங்கள் துணைவியாரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அதே பாட்டின் அதே வரியை நீங்கள் மெதுவாகப் பாடுங்கள். அசைக்கு ஒரு தட்டாக அவருடைய இடது கையை மெல்லத் தட்டிக்கொடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. சில நாள்களில் அவர் சேர்ந்துகொண்டால், கடைசிச் சொல்லை மட்டும் நீங்கள் விழுங்கிவிட்டு அவருக்கு விடுங்கள். பிறகு "தண்ணி வேணும்", "வலிக்குது" போன்ற அன்றாடச் சொற்களை அதே இழுப்பில் பாடிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். முகம் வாடினால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பார்க்க வந்த உறவினர்களிடம் "பாடிக் காட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவரைக் கூனிக்குறுக வைக்கும்.

அவர் கேட்பதற்கான பாட்டுகளை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டைக் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்காட்டி, எது என்று இடது கையால் காட்டச் சொல்லுங்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 60 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், தமக்குப் பிடித்த இசையை இரண்டு மாதங்கள் தினமும் ஒரு மணி நேரமாவது கேட்டவர்களுக்கு, ஒலிப்புத்தகம் கேட்டவர்களைவிடவும் ஒன்றும் கேட்காதவர்களைவிடவும் சொல் நினைவாற்றலும் கவனமும் கூடுதலாகத் தேறின. ஒன்றும் கேட்காதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. அங்கே நோய் வந்த சில நாள்களிலேயே தொடங்கிவிட்டார்கள் என்பதால் அதே அளவை நான் உங்களுக்கு வாக்களிக்க முடியாது. நாள் முழுவதும் பாட்டை ஓடவிடுவதும் வேண்டாம். அடிபட்ட மூளைக்கு ஓயாத சத்தம் பாரம்.

கடைசியாக, மாலை நேரத்துக்கு வாரம் ஒருநாள் மட்டும் அந்த உதவி அம்மாளோ பக்கத்து வீட்டாரோ ஒரு மணி நேரம் வந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள். கூலி கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள், மகன் அடுத்து அனுப்பப்போகும் கருவிக்கான பணத்தை இதற்கு அனுப்பட்டும். உங்கள் ஊர்க் கோயிலில் இன்னும் ஆள் வாசிப்பதாகத்தான் உங்கள் கடிதம் சொல்கிறது. எத்தனையோ ஊர்களில் அந்த இடத்தை மோட்டாரில் ஓடும் மேளப்பெட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. அன்றைக்குக் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் சாயரட்சைக்குப் போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் இன்றைக்கு என்ன வாசித்தார் என்று துணைவியாரிடம் முணுமுணுத்துக் காட்டுங்கள். ராகத்தின் பெயர் இருவருக்கும் வேண்டாம்.